ஒவ்வொரு வண்டியும் வேறு

சின்னக் காரின் டிக்கிக்குள் ஒரு ஆள் முழுதாகப் படுக்க முடியாது. இடுப்புவரை உள்ளே போகலாம், மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கடைத்தெருவில் போகிறவர்களுக்கு நான் பல வருஷமாக இரண்டு கால்கள்தான். யாரையோ கடத்துகிறார்கள் என்று நினைத்து ஒரு பெரியவர் ஒருநாள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கா அளவெடுக்கிறாள், ஒன்றும் பயமில்லை என்று தம்பி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினான்.

அதுகூட அவன் சொன்னது தப்பு. அளவு என்பது டேப் வைத்திருக்கிற எவனும் எடுக்கக்கூடியது. நான் எடுப்பது வண்டியின் மூலையை. டிக்கியின் பக்கவாட்டில், சக்கரத்தின் மேடு முடிகிற இடத்தில், எதற்கும் உதவாத ஒரு பள்ளம் இருக்கும். மரப்பெட்டி செய்து ஸ்பீக்கரை வைத்தால் டிக்கி அடைத்துப்போய் ஒரு பை வைக்கக்கூட வழியிருக்காது. அந்தப் பள்ளத்திலேயே, பள்ளத்தின் வடிவத்திலேயே ஃபைபரில் ஒரு பெட்டியை உட்கார வைத்தால் இடமும் மிஞ்சும், பாட்டும் நெஞ்சில் வந்து முட்டும். அதற்காகத்தான் எங்கள் கடையைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

முதலில் பள்ளம் முழுக்கப் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். அதன்மேல் அலுமினியத் தாளைச் சுருக்கம் விழாமல் தடவிவிட்டு மெழுகு பூச வேண்டும். இதில் சோம்பல்பட்டால் மேலே பூசுகிற ரெசின் பசை வண்டியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வண்டிக்காரனுக்குப் பதில் சொல்லி மாளாது. பிறகு கண்ணாடி இழையைக் கையால் கிழித்துக் கிழித்து வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் ஓரம் தனியாகத் தெரியும், கிழித்தால்தான் ஒன்றோடொன்று கலக்கும். மறுநாள் ஓரத்தில் விரலைவிட்டு இழுத்தால் அந்த வண்டியின் மூலை அப்படியே என் கைக்கு வந்துவிடும். முன்பக்கத்துக்கு ஸ்பீக்கர் உட்காருகிற அளவில் ஒரு மரவளையத்தை நிறுத்தி, பனியன் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதையும் ரெசினில் ஊற வைத்து, பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவேன். முடிந்ததும் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பேன். கல்லைத் தட்டியது போலச் சத்தம் வந்தால்தான் வெளியே அனுப்புவேன்.

தேய்க்கிற தூசி சும்மா விடாது. கண்ணாடிப் பொடி முழங்கைக்குள் இறங்கிவிட்டால் இரண்டு நாளைக்குத் தூக்கம் கிடையாது. வேலைக்கு முன்னால் கைநிறைய பவுடரை அப்பிக்கொள்வேன், முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பேன். வெந்நீரில் குளித்தால் தோலின் துவாரம் திறந்து பொடியெல்லாம் உள்ளே போய்விடும். இருமலும் கூடப்பிறந்த மாதிரி ஒட்டிக்கொண்டது, இந்தத் தூசியை உன் நெஞ்சு தாங்காது என்று டாக்டர்கூடச் சொல்லிவிட்டார். இந்த எழவு வேலையை என்றைக்குத் தலைமுழுகப் போகிறேனோ என்று தினம் ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லுவேன். சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டிக்குத் துணியை இழுத்துக் கட்டுவேன். என் புலம்பலுக்கு அர்த்தம் அவ்வளவுதான். பிடித்த வேலையைத் திட்டிக்கொண்டே செய்கிறவர்கள் உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

தெருவில் எனக்கு ரெசின் அக்கா என்று பெயர். ஸ்பீக்கர் அதிர்கிற சத்தத்தை வைத்துத் தம்பிக்குத் தும்தும். அதைத்தான் அவன் கடைப் பலகையிலும் எழுதி வைத்திருந்தான். நான் புகுந்த வீட்டைவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது அவன் வயர் இழுத்து ஸ்பீக்கர் மாட்டுகிற வெறும் ஆள். நான் அதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டி செய்கிற தொழிற்சாலையில் ஃபைபர் வேலை பழகியிருந்தேன். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்டதே நான்தான். கடை நம்ம ரெண்டு பேருக்கும்தான் அக்கா என்று அன்றைக்குச் சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடையின் பின்னால் இருந்த தகரக் கொட்டகை என் வேலையிடமானது. அவன் பெண்டாட்டியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள், நாற்றம் தாங்காது. வீட்டில் நான் தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறவள். கொட்டகையில் அப்படி இல்லை. எனக்கு அது போதுமென்று இருந்தேன். ஆனாலும் அந்த இடம் உன்னுடையது என்று ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அடிமனசில் கிடந்துகொண்டே இருந்தது.

அந்த ஆசைக்கு உரம் போட்டது ஒரு நம்பிக்கை. இந்த வேலைக்கு நான் இல்லாமல் ஆகாது என்று சத்தியம் செய்திருப்பேன். காரணம் இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் ஒருமுறை வந்தன. ஒன்றுக்குச் செய்த பெட்டியை அவசரத்தில் தம்பி இன்னொன்றில் வைத்தான். ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி, இன்னொரு பக்கம் உள்ளேயே போகவில்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளர் யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒவ்வொரு வண்டியும் வேறு. ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளே போய்த்தான் மூலையை எடுக்க வேண்டும். கடையில் ரெடிமேடாக வாங்கி மாட்ட இது சட்டை இல்லை. இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

பெரிய சாலையில் இருக்கிற கார் ஷோரூமின் மேனேஜர் ஒருநாள் தன் சொந்தக்காரர் ஒருவருடைய வண்டியில் எங்கள் பெட்டியில் பாட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. அவர்கள் விற்கிற சின்னக் கார் ஒவ்வொன்றுக்கும், வாங்குகிறவர் விரும்பினால், இப்படி ஒரு பெட்டியைப் பொருத்திக் கொடுக்கலாமா என்று தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். முதலில் மாதிரிக்கு ஒன்று செய்து காட்ட வேண்டும், அது தேறினால் ஆர்டர். தம்பி வீட்டுக்கு வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"அக்கா, இது மட்டும் அமைஞ்சா நம்ம கதையே வேற. நீ டிக்கிக்குள்ள தலைய விட்டது போதும்."

அவன் பெண்டாட்டி டீயை என் கையில் கொடுத்தாள். வழக்கமாக மேடையில் வைத்துவிட்டுப் போவாள். இனிமேல் உங்களுக்கு இந்த இருமல் இருக்காது அண்ணி என்றாள். அவள் வாயிலிருந்து எனக்காக ஒரு நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அவர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், நான்தான் அதை வேறாகக் கேட்டுக்கொண்டேன். ஆர்டர் வந்தால் ஆள் போட வேண்டும், ஆட்கள் டிக்கிக்குள் போவார்கள், நான் நின்றபடி வேலை வாங்குவேன் என்று என் மனசு ஒரு சினிமாவே ஓட்டிப் பார்த்துவிட்டது.

மாதிரிக்கு ஷோரூமிலிருந்து ஒரு புத்தம்புது வண்டியை அனுப்பினார்கள். சீட்டின்மேல் பாலிதீன் உறை, கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் வாசனை. எங்களிடம் புது வண்டி வந்ததே கிடையாது. புதுசாக வாங்கினவர்கள் கை வைக்கவே பயப்படுவார்கள், இரண்டாம் கை மூன்றாம் கை மாறின பிறகுதான் எங்கள் தெருவுக்கு வருவார்கள். அதனால் அந்த டிக்கிக்குள் தலையை விட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கோடு போட்டது போல நேராக இருந்தது எல்லாம். ஒரு நெளிவு கிடையாது, வெல்டிங் தழும்பு கிடையாது. இந்த மாதிரி ஒரு மூலையை எடுப்பது எவ்வளவு சுகம் என்று நினைத்தேனே தவிர, அது எதனால் அப்படி இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

தம்பி இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே வந்து வந்து நின்றான். பெட்டியை முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு பாகமாகச் செய்து ஓரத்தில் திருகு போட்டுச் சேர்க்கலாம் என்றான். ஸ்பீக்கர் பழுதானால் பிரித்துப் பார்க்க வசதி என்றான், நியாயமாகத்தான் பட்டது. எங்கேயும் உள்பக்கமாக மடியக் கூடாது, வாய் அகலமாகவும் அடி ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும் என்றான். வண்டியில் வைத்து எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கேட்கிறான் என எடுத்துக்கொண்டேன். அப்புறம் முதுகையும் வழவழப்பாக்கச் சொன்னான். இதுதான் எனக்குப் புதிது. முதுகு வண்டியின் மூலைக்குள் போய் மறைந்துவிடும், அதை எவன் பார்க்கப் போகிறான்? கேட்டேன். ஷோரூம்காரர்கள் திருப்பிப் பார்ப்பார்கள் அக்கா, உன் வேலையில் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்றான்.

உன் வேலை என்றானே, அதில் விழுந்தேன். ஊசித் துவாரம் ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பட்டியால் அடைத்தேன். பட்டி கூடினால் பெட்டி பள்ளத்தில் உட்காராது, குறைந்தால் துவாரம் தெரியும், ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேய்த்தேன். கடைசியில் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெல்லிய தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, என் முகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். புது வண்டியில் அதை இறக்கியபோது ஒரு சின்ன 'டக்' வந்தது. சுற்றிலும் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை. நான் செய்ததிலேயே அதுதான் உருப்படியான பெட்டி. தம்பி அதை ஒரு போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேச்சு மூச்சில்லை. கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சொல்லுவார்கள் என்றான். நான் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கினேன். காய்ந்த ரெசின் சொட்டுகளை உளியால் பெயர்த்தேன். எங்கே ஒரு மேஜை வரும், எங்கே காற்றை வெளியே தள்ளுகிற விசிறி வரும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். பழைய தொழிற்சாலையில் என்னோடு இருந்த ஒருத்திக்கு வேலை போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, அவளைப் போய்ப் பார்த்து, கொஞ்சம் பொறு, நானே கூப்பிடுகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தேன். நான் ஆள் சேர்க்கப் போகிறேன் என்பது ஒருத்திக்காவது தெரிந்திருக்கட்டும் என்று இருந்தது.

ஒரு மத்தியானம் தம்பி போன் செய்தான். பெட்டி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது, எடுக்க வரவில்லை, ஆப்புகளையும் ரப்பர் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் வரமுடியுமா என்றான். ஷோரூமில் எவனோ தப்பான வண்டிக்குள் வைத்து அழுத்திவிட்டான் போல என்று அந்த முகம் தெரியாதவனைத் திட்டிக்கொண்டே கிளம்பினேன். ஆனால் தம்பி சொன்ன முகவரி ஷோரூம் பக்கம் இல்லை. குளியல் தொட்டியும் கைகழுவும் பேசினும் செய்கிற ஒருவருடைய பட்டறை அது. வாசலில் தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. உள்ளே நுழைந்ததுமே என் கொட்டகையின் நாற்றம் அடித்தது.

நடுவில் ஒரு மேஜைமேல் பச்சையாக, தடியாக, சுற்றிலும் மரக்கட்டை வைத்துக் கட்டிய ஒன்று இருந்தது. தொட்டிக்காரர் அதன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். நான் தேய்த்த விளிம்பு எனக்குத் தெரியாதா? என் பெட்டியின் முதுகை உள்ளே வைத்து அதன்மேல் அச்சு போட்டிருந்தார்கள்.

இரண்டு பாகம். வாய் அகலம், அடி ஒடுக்கம். எங்கேயும் உள்ளே மடியாத வளைவு. யாரும் பார்க்காத முதுகுக்குக் கண்ணாடி போல மினுமினுப்பு. ஃபைபர் வேலையில் ஊறினவள், இவ்வளவும் அச்சிலிருந்து பொருள் கழன்று வருவதற்கான லட்சணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தெரிந்துகொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை. ஒரு அச்சு இருந்தால் போதும், தொட்டிக்காரர் பட்டறையில் யார் வேண்டுமானாலும் நாளெல்லாம் என் பெட்டியை ஊற்றி ஊற்றி எடுக்கலாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், நான் அந்தச் சூனியத்துக்குப் பாலிஷும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மெழுகு காய்வதற்குள் அவசரப்பட்டுவிட்டதாகத் தொட்டிக்காரர் ஒத்துக்கொண்டார். உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். உடைந்த சில்லு அச்சின் உள்தோலைக் கீறிவிட்டால் எல்லாம் பாழ் என்று தம்பிக்குப் பயம். அக்காவைக் கேட்கலாம் என்று அவன்தான் சொன்னானாம். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். ஒரு மூலையில் இறுக்கமாகப் பிடித்திருந்தது. அங்கே ஆப்பை வைத்து ஒரே போடு போட்டால் அச்சின் தோல் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும், வெளியே தெரியாது, முதல் பெட்டியை எடுக்கும்போதுதான் தெரியும். கை அந்த இடத்துக்குப் போகத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வைக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. ஒரு பொருளை அச்சிலிருந்து எடுக்கத் தெரியாமல் கெடுத்தாள் என்று இந்தத் தொட்டிக்காரர் நாளைக்குச் சொல்லிவிடுவாரே என்ற திமிர்.

எதிர்மூலையிலிருந்து ஆரம்பித்தேன். மெல்லிய ஆப்புகளைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கிடைத்த இடுக்கில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊறவிட்டேன். ரப்பர் சுத்தியலால் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே, தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று காதை வைத்துக் கேட்டேன். கடைசியில் உள்ளே காற்று புகுகிற சத்தம் கேட்டது, பெட்டி கழன்றது. அச்சைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. தொட்டிக்காரர் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு உள்தோலைப் பார்த்ததில்லை என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

வெளியே வந்து தொட்டி அடுக்கின் நிழலில் நின்றோம். ஏன்டா என்கிட்ட சொல்லல என்று கேட்டேன்.

"சொன்னா நீ செஞ்சிருக்க மாட்ட."

"செஞ்சிருக்க மாட்டேன்தான்."

"ஒரு மாசத்துக்கு அவங்க கேக்கறதை நீ ஒருத்தி செய்ய முடியுமாக்கா? உன் நெஞ்சு என்ன ஆகும்? டாக்டர் என்ன சொன்னாரு? நீதானே தினம் சொல்லுவ, இந்த எழவு வேலைய விட்டுத் தொலையணும்னு. அதுக்குத்தான் செஞ்சேன். உனக்காகத்தான்."

அவன் பூசி மெழுகவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் பேசினான், அதுதான் என்னைக் கொன்றது. ஏமாற்றுகிறவனாக இருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அக்கறையோடு குழி வெட்டுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? கொட்டகை என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். சரக்கு வைக்க இடம் வேண்டும், அங்கேதான் பெட்டிகளை அடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றான். நான் தரையில் கோடு போட்டிருந்ததை அவன் பார்க்கவே இல்லை.

ஆனாலும் என்னிடம் ஒன்று பாக்கி இருந்தது. இது உட்காராது என்றேன். எது என்றான். இந்த அச்சில் எடுத்த பெட்டி வேறு வண்டியில் உட்காராது, ஒவ்வொரு வண்டியும் வேறு, உனக்கே தெரியும், வேண்டுமானால் வைத்துப் பார் என்றேன். அவன் முகம் லேசாகக் கலங்கியது. அந்தக் கலக்கத்தைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. ஷோரூமில் வைத்துப் பார்க்கிற நாளில் நானும் வருவேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். வா அக்கா என்றான்.

அந்த நாள்வரை நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான், ஒரு விரல் இடைவெளி. தம்பியின் ஆர்டர் போக வேண்டும் என்று இல்லை. அச்சு தோற்று, அவன் திரும்பி வந்து, நீ உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் அக்கா என்று சொல்ல வேண்டும். பாலிதீன் உறை கலையாத டிக்கிகளுக்குள் வரிசையாகத் தலையைவிட நான் தயாராக இருந்தேன். இருமிக்கொண்டே செய்வேன், திட்டிக்கொண்டே செய்வேன்.

ஷோரூமின் பின்பக்க மைதானத்தில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே வெள்ளை. தம்பி அச்சில் எடுத்த பெட்டியை முதல் வண்டியின் டிக்கியில் இறக்கினான். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். நான் கைப்பையிலிருந்து தாளை எடுத்து விளிம்பைச் சுற்றிச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. மாதிரிக்கு அனுப்பியது இதே வண்டியாக இருக்கும், அதுதான் என்றேன். இல்லை, அது விற்றுப்போய்விட்டது என்றான். பக்கத்து வண்டியில் வைத்தோம். உட்கார்ந்தது. அவன் எடுத்துக் கொடுக்கிற வண்டி எனக்கு வேண்டாம் என்று நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். சுவரோரம் தூசி படிந்து நின்ற ஒன்றைத் திறக்கச் சொன்னேன். இடுப்புவரை உள்ளே போய், கோணலாக வைத்து, கையால் அழுத்தி, அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தேன். பெட்டி என் கையை உதறிவிட்டுத் தானாக அதன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

டிக்கிக்குள் படுத்தபடியே எனக்கு எல்லாம் புரிந்தது. எங்கள் தெருவுக்கு வந்த வண்டிகள் எங்கேயோ முட்டினவை, நசுங்கினவை, டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்தினவை. அடிபட்ட பிறகுதான் ஒவ்வொன்றும் வேறாகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாம் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி என்று நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையின்மேல் என் பிழைப்பையே கட்டியிருக்கிறேன். வெளியே வர மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். தம்பி மெதுவாக என் கால் பக்கம் வந்து நின்றான்.

"பாத்தியா அக்கா," என்றான், குரலில் அப்படி ஒரு பெருமை. "எத்தனை வண்டில வச்சாலும் இம்மி பிசகல. நீ செஞ்சது அவ்வளவு கச்சிதம்."

நான் வெளியே வந்து சேலையைத் தட்டிக்கொண்டபோது மேனேஜர் வந்துவிட்டார். பெட்டியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிரமாதம் என்று தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். இதற்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பட்டறை இருக்கிறது சார், அச்சு ரெடி, எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்றான் அவன். அப்புறம்தான் அவர் என் பக்கம் திரும்பினார். என் முழங்கையெல்லாம் சிவந்து தடித்திருந்ததை ஒரு தரம் பார்த்துவிட்டு, இவர்கள் யார் என்று கேட்டார்.

"எங்க அக்கா சார். வீட்லதான் இருக்காங்க, சும்மா கூட வந்தாங்க."

யோசிக்காமல் சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணில் ஒரு தடுமாற்றம் வந்திருந்தால்கூட நான் அதைப் பிடித்துக்கொண்டு தேறியிருப்பேன். அப்படி எதுவும் வரவில்லை. ஆசையாகத்தான் என்னைப் பார்த்தான், என்னைக் கரையேற்றிவிட்ட நிம்மதியோடு பார்த்தான்.

"ஆமா சார்," என்றேன். "வீட்லதான் இருக்கேன். இன்னைலேருந்து."

மேனேஜர் சிரித்தார். உங்கள் அக்கா நல்ல தமாஷாகப் பேசுகிறார்கள் என்று தம்பியிடம் சொன்னார். தம்பி சிரிக்கவில்லை. குனிந்து டிக்கியிலிருந்து பெட்டியை எடுக்க ஆரம்பித்தான், அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.